ஆற்றுப்படையும் மலைநடையும்

கண்டி நகரிலிருந்து நான்கு கிலோமீற்றர் அளவில், ஹந்தானை மலைச்சரிவிலே தேயிலை நூதனசாலை அமைந்துள்ளது. 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று, நெடுநாள் பாழடைந்து கிடந்தபின், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூதனசாலையாக மாற்றப்பட்டது. அதன் முன்றலில் அண்மைக் காலமாக விடிகாலைகளில் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். முதுகிற் பொதி, கையில் ஊன்றுகோல், காலுறைக்குமேல் அட்டைக்காகப் பூசிய சவர்க்காரம். வெளிநாட்டார் பலர், கொழும்பிலிருந்து வரும் இளைஞர் சிலர், எமது பல்கலைக்கழக மாணவரும் உளர். நூதனசாலையின் கதவு திறக்குமுன்பே இவர்கள் புறப்பட்டுவிடுகின்றனர். இவர்கள் எதனையும் பார்க்க வந்தவரல்லர், நடக்க வந்தவர்.

'பீக்கோ நடைபாதை' எனப் பெயரிடப்பட்டுள்ள நெடும்பாதையின் தொடக்கம் இவ்விடமே. இலங்கையில் நெடுங்காலம் வாழும் மிகுவெல் கூனாத் என்னும் ஸ்பானியரின் எண்ணத்தில் உதித்து, ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்க உதவி நிறுவனத்தினதும் நிதித்துணையோடு உருப்பெற்ற இப்பாதை, 22 கட்டங்களாக, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, மலையகத்தைச் சுற்றி வளைத்து நுவரெலியாவில் முடிகிறது. முதற் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கு; இரண்டாவது கலஹாவிலிருந்து லூல்கந்துரைக்கு. புதிதாக வெட்டப்பட்ட பாதை இதில் மிகக் குறைவு. தோட்டங்களிலிருந்து கொழுந்தையும் தேயிலையையும் கொண்டுசெல்ல ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் வெட்டப்பட்ட பாதைகளே குறிகள் நாட்டப்பட்டு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. தேயிலையின் தரமொன்றைக் குறிக்கும் 'பீக்கோ' என்னும் சொல்லோ சீன மொழிவழி வந்தது. இளந்தளிரின் வெண்பூனை மயிரைச் சுட்டுவது. சீனச் சொல், ஸ்பானியர் கனவு, ஐரோப்பியர் பணம், தமிழர் வெட்டிய பாதை. இப்பாதையின் வரலாற்றை இவ்வொரு வரியிலே அடக்கிவிடலாம். ஆயின் அவ்வாறு அடக்கிவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மையாகாது.

இது இலக்கிய விமரிசனத்துக்குரிய பொருளா எனக் கேட்கப்படலாம். ஒரு நடைபாதை, தான் செல்லும் நிலத்தைப் பற்றி ஏதோ ஒன்றைக் கூறுகின்றது. எங்கே நிற்கவேண்டும், எதனை நோக்கவேண்டும், எதனைக் காணாது கடந்துவிடலாம் என்பதை அதன் வரைபடமும் வழிகாட்டிக் கையேடும் முன்கூட்டியே முடிவுசெய்து தருகின்றன. அவ்வகையில் பாதையும் ஒரு பனுவலே. அதுமட்டுமன்று. வழி கூறுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை. அத்தகைய மொழியைப் பயில்வோர் தம் வாயிலில் தொடங்கும் முந்நூறு கிலோமீற்றர்ப் பாதையைப் பற்றிப் பேசாதிருப்பது வியப்புக்குரியது.

முதலில் இந்நடையின் கவர்ச்சியை அதற்குரிய மதிப்போடு நோக்குவோம். உலகின் நெடும்பாதைகளுள் முன்னோடியாகக் கருதப்படுவது ஐக்கிய அமெரிக்காவின் அப்பலேச்சியன் பாதை. 1921இல் பென்டன் மெக்கே என்னும் வனவியலாளர் கட்டடக் கலைஞர் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரையொன்றே அதன் வித்து. 1937இல் அது முழுமையுற்றது. 14 மாநிலங்களை ஊடறுத்து ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் செல்லும் அதனை ஒரே பயணத்தில் நடந்து முடிக்க ஐந்தாறு மாதங்கள் வேண்டும். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட ஏர்ள் ஷாபர் என்பார் போரின் சுமையை நடந்து இறக்கிவைக்க எண்ணி, 1948இல் அதனை முழுமையாக நடந்தார். 1955இல் எம்மா கேற்வுட் என்னும் 67 வயதுப் பாட்டியார், கையால் தைத்த ஒரு துணிப்பையைத் தோளிற் போட்டுக்கொண்டு தனியாக நடந்து முடித்தார். பேரப்பிள்ளைகள் உள்ள அம்மூதாட்டி வீட்டாரிடம் தாம் போகும் காரியத்தைச் சரிவரச் சொல்லாமலே புறப்பட்டாராம். நம் ஊர்ப் பாட்டிமாருள்ளும் அவ்வாறு புறப்பட விரும்புவோர் இருக்கக்கூடும்.

அப்பாதையில் நடப்போரிடையே ஒரு வழக்கு உண்டு. வீட்டுப் பெயரை விடுத்து, உடன் நடப்போர் இட்ட புதுப்பெயரோடு அவர்கள் நடப்பர். எவரும் எவரிடமும் தொழில் என்ன, ஊதியம் என்ன என்று கேட்பதில்லை. அறிமுகமற்ற ஒருவர் பாதையோரத்தில் பழமும் நீரும் வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமற் சென்றுவிடுவார். முன்னே செல்பவர் பின்னே வருபவருக்காக அம்பலங்களிலுள்ள குறிப்பேட்டில் ஊற்று எங்கே வற்றியுள்ளது, கரடி எங்கே நடமாடுகிறது என எழுதிவைப்பார். சமூகத்தில் எங்குங் காணவியலாத ஒருவகைச் சமத்துவம், ஒரே பாதையில் ஒரே மழையில் நனைவோரிடையே தற்காலிகமாகவேனும் தோன்றுகின்றது. நெடுநடையின் கவர்ச்சி காட்சியழகில் இல்லை. காட்சியை வண்டியிலிருந்தும் காணலாம். தெரியாத ஒருவரின் சொல்லை நம்பி அடுத்த அடியை வைப்பதிலேதான் அக்கவர்ச்சி உள்ளது. நாளொன்றுக்கு இருபது கிலோமீற்றர் நடப்பவனுக்கு உலகம் மறுபடியும் மனித அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பசி உண்மையான பசியாகிறது. நிழல் உண்மையான நிழலாகிறது. இதனை வெறும் மேனாட்டு மோகம் எனத் தள்ளிவிடுதல் எளிது. சிவனொளிபாத மலைக்கு ஏறுவோரிடையேயும், செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோரிடையேயும் இதே உறவு தழைப்பதைக் கண்டவர்கள் அவ்வாறு தள்ளத் துணியார்.

மெக்கேயின் கட்டுரையில் இன்னொரு செய்தி உண்டு. பெரும்பாலானோர் மறந்த செய்தி. அவர் கனவு கண்டது பாதையை மட்டுமன்று. தொழில் நகரங்களின் நெருக்கடியிலிருந்து உழைப்பாளர் வந்து தங்கி, கூட்டாகப் பயிரிட்டு, கூட்டாக வாழும் குடியிருப்புக்களையும் உணவுப் பண்ணைகளையும் அவர் அப்பாதையோரம் நிறுவ எண்ணினார். பாதை அக்குடியிருப்புக்களை இணைக்கும் நூல் மாத்திரமே. நூல் கிடைத்தது, மணிகள் கோக்கப்படவில்லை. உழைப்பாளருக்காகக் கருதப்பட்டது ஓய்வுடையோரின் உடைமையாயிற்று. ஒரு நடைபாதையின் வெற்றியே அதன் மூலநோக்கத்தின் தோல்வியாகவும் அமையலாம் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். ஆற்றுப்படையின் இலக்கணத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தெளிவாக வகுத்துள்ளது. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியருமாகிய கலைஞருள், வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவர், வழியிடை எதிர்ப்பட்ட வறியவருக்குத் தாம் பெற்ற செல்வத்தைக் கூறி, அதனைப் பெறுதற்கான வழியையும் கூறி அனுப்புதல். இவ்வகைப் பாட்டுக்களுள் மலைநடைக்கென்றே அமைந்தது 'மலைபடுகடாம்'. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கண்மாத்து நன்னன்மீது பாடிய 583 அடிகளைக் கொண்ட இந்நூலை நாம் பரீட்சைக்காகப் படித்துள்ளோம். கருப்பொருள் அட்டவணை போட்டுள்ளோம். பாதை நூலாக அதனை நாம் படித்ததில்லை.

அவ்வாறு படித்துப் பார்க்கட்டும். பன்றிக்குக் குறவர் வைத்த கற்பொறிகள் வழியில் மறைந்துள்ளன, ஆகவே பொழுது புலர்ந்தபின் நடவுங்கள் என்கிறார் கௌசிகனார். பாம்பு உறையும் பொந்துகளைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். புனங்காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள்மீதும் விழும், மரத்தின் பின்னே ஒதுங்குங்கள் என்கிறார். பாசி படிந்து வழுக்கும் குளக்கரையில் எந்தக் கொடியைப் பற்றிக்கொள்ளவேண்டும் என்பது வரை கூறுகிறார். குறவரே திசை மயங்கும் மலையில் வழி தவறிவிட்டால் என்செய்வது? அலையாதீர்கள், அகன்ற பாறையொன்றிற் கூடியிருந்து உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள், ஓசை கேட்டுக் குறவர் ஓடிவந்து வழிகாட்டுவர் என்பது அவர் அறிவுரை. இன்றைய மலைமீட்புப் பணியாளர் கூறுவதும், ஊதுகுழலைத் தவிர்த்தால், இதுவேயாகும்.

இவையனைத்தினும் என்னை ஈர்த்தது ஒரு சிறிய கட்டளை. நிலத்துக்குப் புதியவர்களாகிய நீங்கள் வழி பிரியும் சந்தியை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறார் புலவர். யாருக்காக அந்த அடையாளம்? அவருக்கு முன்னே சென்றவர் ஏற்கெனவே வழி கூறிவிட்டார். முடிந்த புல் பின்னே வருபவருக்கே உரியது. அப்பலேச்சியன் பாதையின் மரங்களில் வெள்ளைப் பூச்சுக் குறி இடப்படுவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே நம் புலவர் பாதைச் சமூகத்தின் அடிப்படை விதியை வகுத்துவிட்டார் என்று பெருமை பேசுவது என் நோக்கமன்று. அத்தகைய பெருமைகளால் நம் ஆராய்ச்சி போதிய அளவு கெட்டுவிட்டது. நான் கூற விழைவது வேறு. புல் முடிதல், தன்னை முகமறியாத ஒருவனுக்குக் கடமைப்பட்டவனாக நடப்பவன் உணரும் கணமாகும். நெடுநடையின் அறம் அதுவே.

மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். மலைபடுகடாத்தில் வழியோரத்து மக்கள் காட்சிப்பொருளாக நிற்பதில்லை. அவர்கள் என்ன விதைக்கிறார்கள், எவ்வாறு காக்கிறார்கள், எதனைச் சமைக்கிறார்கள், எந்த மூங்கிற் குழாயில் கள்ளை முதிரவைக்கிறார்கள் என்பதெல்லாம் பாடலிற் பேசப்படுகிறது. வருபவர் அவ்வூர்களுள் தம் உறவினர் வீட்டிற் புகுவதுபோலப் புகலாம். போரில் இறந்தோரின் நடுகற்கள் வழியில் நிற்கும், அவற்றைத் தொழுது செல்லுங்கள் என்ற குறிப்பும் உண்டு. பாதை, உயிரோடிருப்போரையும் இறந்தோரையும் ஒருங்கே அறிமுகஞ்செய்கிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். கூத்தரும் பாணரும் பொழுதுபோக்குக்காக நடந்தவரல்லர். வயிறு காய்ந்து நடந்தவர். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல் பாணனுக்கும் புரவலனுக்குமிடையே நிலவிய பொருளியல் உறவை நமக்கு உணர்த்திய பின்னர், ஆற்றுப்படையை இயற்கைச் சுற்றுலாவாகக் காண்பது எவ்வாறு பொருந்தும்? தடை நியாயமானதே. அதனை மறுக்கவேண்டிய தேவை எனக்கில்லை. அதுவே என் வாதத்தைத் தொடக்கிவைக்கிறது. ஆற்றுப்படை தேவையினாற் பிறந்த நடையின் இலக்கியம். பீக்கோ பாதை விருப்பினாற் பிறந்த நடையின் பனுவல். இரண்டுக்குமிடையே, இதே மலைகளில், மூன்றாவது நடையொன்று நிகழ்ந்தது. அதனை எனக்கு நினைவூட்டியவர் பேராசிரியர் எவருமல்லர்.

சென்ற ஆண்டு மாணவர் சிலரோடு ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கு நடந்தேன். சிங்களக் கலையுலகில் ஹந்தானை காதலின் மலை. 1969இல் வெளிவந்த 'ஹந்தானே கதாவ' திரைப்படமும் பற்பல பாடல்களும் அதனை அவ்வாறு நிலைநாட்டிவிட்டன. தமிழ் மாணவருக்கு அது என்ன மலை என்பது எனக்கு அன்றுவரை தெளிவாகவில்லை. எம்மோடு வந்தவருள் ஒருவர் தோட்டத்திற் பிறந்தவர். முதலில் வர மறுத்தார். தம் தாய் நாள்தோறும் மலைக்கு ஏறி இறங்குகிறாள், அதற்கு எவரும் வரைபடம் போட்டதில்லை என்பது அவர் கூறிய காரணம். பின் ஏனோ வந்தார். வந்தபின் அவரே எமக்கு வழிகாட்டி; குறுக்குப் பாதைகளெல்லாம் அவர் காலுக்குத் தெரிந்திருந்தன. கவ்வாத்து வெட்டிய மலை எது, கொழுந்து எடுக்கும் மலை எது என்று தூரத்திலிருந்தே கூறினார். ஏனையோர் 'அழகு' என்ற ஒரே சொல்லால் சுட்டிய சரிவில் அவர் ஒரு வாரத்து வேலையைக் கண்டார்.

நடுப்பகலில் ஒரு லயத்தின் அருகே நின்றோம். திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "எங்க தம்பி போறீங்க?" என்று கேட்டார்.

"கலஹாவுக்கு, ஐயா."

"பஸ் இருக்கே?"

"நடந்து போகலாம்னு வந்தோம்."

அவர் சற்று யோசித்தார். ஏளனம் சிறிதுமில்லை, உண்மையான வியப்பு. "நடக்கிறதுக்குன்னே வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பிப் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். பிறகு, "எங்க தாத்தாவும் நடந்துதான் வந்தாராம். கங்காணி சொன்ன வழியில" என்றார்.

அவ்வொரு வாக்கியம் என்னை மிகவும் அலைக்கழித்தது. கங்காணி சொன்ன வழி! கங்காணி யார்? முன்னர் அவ்வழியே சென்று 'செல்வம்' பெற்று மீண்டவன். தலைப்பாகையும் கோட்டும் அணிந்து சொந்த ஊருக்கு வந்து, பஞ்சத்தில் வாடும் தன்னையொத்த வறியவருக்குக் கண்டிச் சீமையின் வளத்தைக் கூறி, செல்லும் வழியையும் கூறி, உடன் அழைத்துச் சென்றவன். செடியின் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவன் சொன்னதாக மலையகத்தில் வழங்கும் கதையை நாமறிவோம். தொல்காப்பியர் வகுத்த இலக்கணத்தில் எந்த உறுப்பு இங்கே குறைகிறது? பெற்றவன் பெறாதவனுக்கு அறிவுறுத்தல், வழி கூறல், வள்ளலின் பெருமை பேசல், யாவும் உள. ஆற்றுப்படையின் வடிவம் முழுமையாக உள்ளது. அதன் அறம் மட்டுமே தலைகீழாகியுள்ளது. பாணன் வழி கூறியதற்குக் கூலி பெற்றதில்லை. கங்காணி தலைக்கு இவ்வளவு எனப் பெற்றான். அழைத்துச் சென்ற செலவை நடந்தவன் தலையிலே கடனாக எழுதினான். நன்னன் பரிசில் தந்து திருப்பி அனுப்பினான். துரையோ திரும்பும் வழியை அடைத்தான். பிற்காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகர வில்லை தொழிலாளியின் கழுத்தில் தொங்கியது. அப்பலேச்சியன் பாதையில் பெயரைக் களைந்து மகிழ்பவரைப் பற்றி முன்னர் குறிப்பிட்டேன். களைய ஒரு பெயரும், மீண்டும் அணிய ஒரு வீடும் உள்ளவனுக்கே அது விடுதலை.

அந்நடையின் வழி நன்கறியப்பட்டது. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய இராமநாதபுரக் கரைகளிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு. அங்கிருந்து வறண்ட காடுகளினூடே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு. கொள்ளைநோயும் அம்மையும் காய்ச்சலும் உடன் நடந்தன. நடக்கவியலாதவர் வழியிலேயே விடப்பட்டனர். 1823இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பகுதியிற் கோப்பி பயிரிடத் தொடங்கியதிலிருந்து அவ்வாறு வந்தோரின் வரலாறு கணக்கிடப்படுகிறது. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸின் கோப்பித் தோட்டம் கன்னொறுவையில் இருந்தது. பேராதனைப் பூங்காவிலிருந்து மகாவலிக்கு அக்கரையில் நாம் காணும் அதே நிலம். 1914இல் தலைமன்னாருக்குப் புகைவண்டியும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ஓடத் தொடங்குமுன் வந்தோருட் பெருந்தொகையினரின் கால்களே இந்நாட்டின் பொருளாதாரத்தை மலைக்கு ஏற்றின. அவ்வழியில் முடியப்பட்ட புல் எதுவுமில்லை. நடுகல்லும் இல்லை.

இந்நடை நம் புனைகதைக்குள் வந்த வகை தனி ஆய்வுக்குரியது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. மருதியைத் தேயிலைக்கு இட்டுச்செல்லும் ஆசைச்சொல்லின் பொய்மையை அது உணர்த்தியபோதும், மலை அதில் ஒரு கொடுங்கனவாகவே நிற்கிறது. நடப்பவரின் கால்கள் அங்கே தெரிவதில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்த நாவல். அதன் தலைப்பே ஒரு விமரிசனம். தூரத்தில் நிற்பவனுக்கே அது பச்சை. இன்று பீக்கோ பாதையை விளம்பரஞ் செய்யும் ஒளிப்படங்களுக்கும் அதனைவிடப் பொருத்தமான தலைப்பை என்னால் எண்ணமுடியவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய கவிதைகளே இப்பாதையில் நடப்பவனின் பையிலே இருக்கவேண்டிய நூல் என்பேன். மலையின் அழகை மறுக்காமலே அதன் அடியிற் கிடக்கும் எலும்பை வேலுப்பிள்ளை நினைந்தார். அழகை வெறுத்தாலன்றி நீதியைப் பேசவியலாது என்று கருதிய எழுத்தாளர் சிலரைவிட அவர் பெரிய கவிஞராவதற்கு அதுவே காரணம்.

2023 யூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடை புறப்பட்டது. மலையகத் தமிழரின் இருநூறாண்டை முன்னிட்டு, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரில், மூதாதையர் வந்த வழியையே அடியொற்றி 16 நாட்கள் நடந்து, ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வழியிலுள்ள ஊர்களில் பிற சமூகத்தாரும் உடன் நடந்தனர். காணியுரிமை, வீட்டுரிமை, ஊதியம், மொழியுரிமை முதலிய கோரிக்கைகள் அந்நடையின் உரையாயின. நெடுநடையின் கவர்ச்சி என நாம் மேலே கண்ட யாவும், உடலின் களைப்பும் முகமறியாதார் தந்த நீரும் ஒரே பாதையிற் பிறக்கும் தற்காலிகச் சமத்துவமும், இங்கே இருந்தன. வேறுபாடு ஒன்றே: அவர்கள் தம் பெயரைக் களைவதற்காக நடக்கவில்லை, களையப்பட்ட பெயரை மீட்க நடந்தனர். ஒருவகையில் அதுவே தாமதித்து முடியப்பட்ட புல்.

அந்நடையை விழாவாகச் சுருக்கிவிட்டோம் என்பது என் மனக்குறை. மேடைப் பேச்சுக்கள் அச்சேறின. பதினாறு நாளும் நடந்த ஒருவர், கால் கொப்புளித்ததையும் மதவாச்சிக்கு அப்பால் யார் சோறு தந்தார் என்பதையும் நாள்வாரியாக எழுதிய தமிழ்நூலொன்று இன்னும் என் கைக்கு எட்டவில்லை. கோரிக்கைகள் பட்டியலில் நிற்கும். அனுபவமே இலக்கியத்தில் நிற்கும்.

பீக்கோ பாதையின் மீது நான் கூறும் குற்றம் என்ன? வெளிநாட்டார் நடக்கின்றனர் என்பதன்று. மலைக்கு எவரும் வரலாம். அப்பாதையால் தோட்டத்து இளைஞர் சிலர் வழிகாட்டிகளாகவும், லயத்துப் பெண்கள் சிலர் உணவு சமைத்து விற்போராகவும் ஆகக்கூடுமாயின் அது வரவேற்கத்தக்கதே. என் குற்றச்சாட்டு இலக்கிய வகையைப் பற்றியது. வழியின் பனுவலில் வழியோரத்து மாந்தர் வினைமுதலாக இல்லை. துரையின் பங்களாவுக்கு வரலாறு உண்டு. லயத்துக்கு நிறம் மட்டுமே உண்டு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரொன்றும் இருந்தது. துரைமார் காலத்து டிரெக்டரிகளே, ஆள்பிடிக்கும் தேவைக்காகவேனும், அத்தமிழ்ப் பெயர்களைப் பதிந்துவைத்தன. இருநூற்றாண்டுக்குப் பின்னர் வரும் வரைபடம் அவ்வளவேனும் செய்யலாகாதா?

இரண்டாங் கட்டத்தின் முடிவிடமாகிய லூல்கந்துரை இதற்குத் தக்க சான்று. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. அவர் அமர்ந்த கல்லிருக்கையைக் காண நடையர்கள் தவறுவதில்லை. தொழிலாளர் அவரைச் சாமித் துரை என அழைத்தனர் என்பதும் கூறப்படுகிறது. 1892 மே மாதம் அவர் இறந்தபோது, பருத்த அவ்வுடலைத் தோட்டத்திலிருந்து கண்டி மகியாவை மயானம்வரை தொழிலாளர் இருபத்துநால்வர், பன்னிருவர் கொண்ட இரு அணிகளாக, நான்கு மைலுக்கொருமுறை தோள்மாற்றிச் சுமந்து வந்தனர் என்பர். மகியாவையில் அவர் கல்லறையை இன்றும் காணலாம். கல்லெழுத்தும் தெளிவாக உள்ளது. சுமந்த இருபத்துநால்வருள் ஒருவர் பெயரும் அங்கில்லை. லூல்கந்துரையிலிருந்து மகியாவைவரை அவர்கள் நடந்த நடை எந்தக் கட்டத்திலும் சேர்க்கப்படவில்லை. 23ஆவது கட்டமாக அதனைச் சேர்க்கலாம் என்று எம் மாணவர் ஒருவர் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது நல்ல யோசனையாகவே தோன்றியது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலையகமெங்கும் மண் சரிந்து, உயிர்களும் லயங்களும் பாதைகளும் ஒருங்கே அழிந்தன. நடையர்க்கு அது மூடப்பட்ட பாதை. வேறொரு பருவத்தில் வரலாம். அங்கு வாழ்வோருக்கு அது பாடசாலைக்கும் மருத்துவமனைக்குமுரிய ஒரே வழி. மண்ணை வாரி அதனை மீளத் திறக்கும் கைகள் எவை என்பதை ஒவ்வொரு தோட்டத்தவரும் அறிவர். தன் பாதையைத் திருத்துபவரைப் பாடாத ஆற்றுப்படையை ஆற்றுப்படை எனல் தகுமா?

முதியவரின் திண்ணையிலிருந்து எழுந்தபோது பிளேன்டீக்குப் பணம் நீட்டினோம். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். எம் தொலைபேசியின் வரைபடம் இரு பாதைகளைக் காட்டிற்று. குறி நாட்டிய கம்பம் எங்கும் தென்படவில்லை. வழி கேட்டோம். அவர் எழுந்து வாசலுக்கு வந்து, கையை நீட்டிச் சொல்லத் தொடங்கினார்: "அந்த மாரியம்மன் கோயில் தெரியுதா, அதுவரைக்கும் நேரா போங்க. அதைத் தாண்டி ரெண்டாப் பிரியும். மேல போறது நல்லாத்தான் தெரியும், ஆனா அதுல போகாதீங்க, மண்ணு இறங்கிக் கெடக்கு. கீழ் வழியில ஒரு பீலி இருக்கு, தண்ணி நல்ல தண்ணி, குடிக்கலாம். அங்கன அட்டை கொஞ்சம் இருக்கும், நிக்காம நடங்க. இஸ்டோரு தெரிஞ்சதும் யாரையாவது கேளுங்க, நம்ம ஆளுங்கதான், சொல்லுவாங்க. நாலு மணிக்கு முன்னாடி போயிருங்க, மழை வரும்."

அவர் சொன்னபடியே சென்றோம். கோயில், பிரிவு, பீலி எல்லாம் அவ்வவ்விடத்தில் இருந்தன. கோயிலடிப் பிரிவில், தோட்டத்திற் பிறந்த மாணவர் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தோம். மேல்வழியின் வாயிலில் காய்ந்த சவுக்குக் கிளையொன்றை அவர் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குச் சற்று முன்பாகக் கலஹாவை அடைந்தோம். மழை வந்தது. பல்கலைக்கழகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதி வழியாகப் பேராதனைக்கு வரும் பஸ்ஸில், நனைந்தபடி, இருக்கையின்றி நின்றுகொண்டு வந்தோம்.